'இன் ப்ரெபரேஷன் ஃபார்' என்று எழுதும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் ஆங்கிலக் கடிதம், விண்ணப்பம், மனு, பிராஜெக்ட் அறிக்கை இவற்றைத் திருத்திக் கொடுப்பது என் வேலை. வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள், மீனவர் சங்கக்காரர்கள், திருவிழாக் கமிட்டிச் செயலாளர்கள், கல்லூரி மாணவர்கள் என்று பலரும் வருவார்கள். யார் கொண்டுவரும் தாளாக இருந்தாலும் 'தயாராகிறோம்' என்ற பொருளில் ஒரு வாக்கியம் அதில் இருக்கும். 'இன் ப்ரெபரேஷன் ஃபார்' என்ற தொடரும் அதற்கு உறவான சொற்களும் அங்கேதான் வரும், பிழையும் பெரும்பாலும் அங்கேதான் விழும். திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். வாய்விட்டு ஒருமுறை படித்தால் பிடிபட்டுவிடும்.

'இன் ப்ரெபரேஷன் ஃபார்' என்றால் என்ன? எங்கே எழுதலாம்?

இனிமேல் வரப்போகிற ஒன்று இருக்க வேண்டும். அதற்காக இப்போதே ஒருவர் ஒரு வேலையைச் செய்ய வேண்டும். இந்த இரண்டையும் இணைக்கிற இடத்தில் இந்தத் தொடர் வரும்.

நம்ம மாவட்டத்து ரப்பர் தோட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் தொடங்கும் முன்பு, பால் வெட்டும் பட்டைக்கு மேலே மரத்தைச் சுற்றி பிளாஸ்டிக் தாளைப் பாவாடை போல ஒட்டி விடுவார்கள். மரத்தில் வழிந்து வரும் மழைத் தண்ணீர் வெட்டுப் பட்டையிலும் பால் பிடிக்கும் சிரட்டையிலும் இறங்காமல் அது தடுக்கும். அதற்கு 'ரெயின் கார்டு' என்று பேர். இதை ஆங்கிலத்தில் எழுதினால்: 'வீ ஃபிக்ஸ்டு ரெயின் கார்ட்ஸ் ஆன் த ட்ரீஸ் இன் ப்ரெபரேஷன் ஃபார் த மான்சூன்.'

வரப்போவது மழை. செய்த வேலை ரெயின் கார்டு ஒட்டியது. செய்தவர்கள் நாங்கள். மூன்றும் வாக்கியத்தில் தெளிவாக நிற்கின்றன. நீங்கள் எழுதிய வாக்கியத்திலும் இந்த மூன்றையும் விரலால் தொட்டுக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். ஏதாவது ஒன்று இல்லையென்றால் இலக்கணம் சரியாக இருந்தாலும் வாக்கியம் அந்தரத்தில் நிற்கும். 'வீ ஆர் இன் ப்ரெபரேஷன் ஃபார் த மான்சூன்' என்று மட்டும் எழுதினால் படிக்கிறவருக்கு உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. என்ன செய்தீர்கள் என்ற கேள்வி அப்படியே மிச்சம் இருக்கும்.

'ஃபார்' போடணுமா, 'ஆஃப்' போடணுமா, 'டு' போடணுமா?

அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான். அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

வரப்போகிற நிகழ்ச்சி, தேர்வு, பயணம், பருவம் என்றால் 'ஃபார்'. கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கான ஏற்பாடு என்றால் 'ப்ரெபரேஷன் ஃபார் த ஃபெஸ்டிவல்'.

உங்கள் கையால் உருவாகிற பொருள் என்றால் 'ஆஃப்'. சமையல், அறிக்கை, வாக்காளர் பட்டியல், மருந்துக் கலவை எல்லாம் இந்த வகை. 'த ப்ரெபரேஷன் ஆஃப் த ரிப்போர்ட்', 'த ப்ரெபரேஷன் ஆஃப் த வோட்டர்ஸ் லிஸ்ட்' என்று வரும். திருவிழா அன்னதானத்தில் அவியல் வைப்பது 'ப்ரெபரேஷன் ஆஃப் அவியல்'. அந்த அவியல் எதற்காகவோ, அந்தத் திருவிழாவுக்கு 'ஃபார்'. ஒரே வாக்கியத்தில் இரண்டுமே வரலாம், ஒன்றும் தப்பில்லை.

'இன் ப்ரெபரேஷன் டு' என்பது பிழை. இது எங்கிருந்து வருகிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 'ப்ரிபேர் டு லீவ்' என்ற வினைத்தொடர் ஆங்கிலத்தில் இருக்கிறது, அது சரிதான். அந்தப் பழக்கத்தில் பெயர்ச்சொல்லுக்குப் பின்னாலும் 'டு' ஒட்டிக்கொள்கிறது. 'ஷீ சோல்டு ஹெர் ஸ்கூட்டர் இன் ப்ரெபரேஷன் டு லீவ்' என்று எழுதியிருந்தால் 'இன் ப்ரெபரேஷன் ஃபார் லீவிங்' என்று மாற்றுங்கள். 'ஃபார்' வந்தால் அதற்குப் பின்னால் வருவது பெயர்ச்சொல்லாக இருக்க வேண்டும், இல்லையென்றால் 'இங்' சேர்த்த சொல்லாக இருக்க வேண்டும். வெறும் வினைச்சொல் அங்கே நிற்காது.

'ப்ரிபரேட்டரி டு' என்ற தொடரிலும் 'டு' வரும். ஆனால் அது பழைய ஆபீஸ் நடை. நம்முடைய கடிதங்களுக்குத் தேவையில்லை.

'ஐ ஆம் ப்ரிபேரிங் த எக்ஸாம்' என்று எழுதினேன். தப்பு என்று வெட்டிவிட்டார்கள். ஏன்?

அப்படி எழுதினால் வினாத்தாளைத் தயாரிப்பவர் நீங்கள் என்று அர்த்தமாகிவிடும். தேர்வெழுதப் போகிறவர் 'ஐ ஆம் ப்ரிபேரிங் ஃபார் த எக்ஸாம்' என்றுதான் எழுத வேண்டும்.

இதற்குத் தமிழிலேயே நல்ல வழிகாட்டி இருக்கிறது. 'தயாராகு', 'தயாரி' என்று நம்மிடம் இரண்டு வினைச்சொற்கள் உண்டு. 'தேர்வுக்குத் தயாராகிறேன்' என்கிறோம், அங்கே 'கு' உருபு வருகிறது. 'வினாத்தாளைத் தயாரிக்கிறேன்' என்கிறோம், அங்கே 'ஐ' உருபு வருகிறது. ஆங்கிலத்தில் இரண்டு வேலைக்கும் 'ப்ரிபேர்' என்ற ஒரே வினைதான். அதனால் வேறுபாட்டை 'ஃபார்' என்ற சொல்தான் காட்ட வேண்டியிருக்கிறது. எழுதும் முன்பு மனசுக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'கு' வந்தால் 'ஃபார்' போடுங்கள். 'ஐ' வந்தால் ஒன்றும் போடாதீர்கள்.

இரண்டு உருபும் சேர்ந்து வந்தால்? அதற்கும் இந்த வழி கைகொடுக்கும். நாஞ்சில் நாட்டில் கும்பப்பூ நெல் சாகுபடிக்கு முன்னால் என்ன செய்வார்கள்? வயலை நடவுக்குத் தயார் செய்வார்கள். 'வயலை' என்பதில் 'ஐ', 'நடவுக்கு' என்பதில் 'கு'. அப்படியே எழுதுங்கள்: 'வீ ப்ரிபேர் த ஃபீல்டு ஃபார் ட்ரான்ஸ்பிளான்டிங்.' வயலுக்கு முன்னால் எதுவும் இல்லை, நடவுக்கு முன்னால் 'ஃபார்'. நோயாளியை ஆபரேஷனுக்குத் தயார்படுத்தினேன் என்று எழுத வேண்டிய நர்ஸுக்கும் இதே அமைப்புதான்: 'ஐ ப்ரிபேர்டு த பேஷன்ட் ஃபார் சர்ஜரி.' இதில் 'ஃபார்' இடம் மாறி 'ப்ரிபேர்டு ஃபார் த பேஷன்ட்' என்று விழுந்தால், நோயாளி வரப்போகிறார் என்று வார்டைத் தயார் செய்ததாக அர்த்தம் மாறிவிடும். வேலைக்கான விண்ணப்பத்தில் அது சின்ன விஷயம் கிடையாது.

நைட் ஷிஃப்ட் பார்க்கத் தயார் என்று சொல்ல 'ஐ ஆம் ப்ரிபேர்டு டு வர்க் நைட் ஷிஃப்ட்ஸ்' என்று எழுதலாமா, சார்?

இலக்கணப்படி சரி. ஆனால் அதன் தொனியைத் தெரிந்துகொண்டு எழுத வேண்டும்.

'ப்ரிபேர்டு ஃபார்' என்றால் ஆயத்தமாக இருக்கிறேன், பயிற்சி இருக்கிறது என்று அர்த்தம். 'ப்ரிபேர்டு டு' என்றால் சம்மதம் என்று அர்த்தம். தமிழில் இரண்டுக்கும் 'தயார்' என்ற ஒரு சொல்லே போதும் என்பதால் இந்த வேறுபாடு நம் கண்ணில் படுவதில்லை.

சம்மதத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 'ப்ரிபேர்டு டு' என்பதில் 'கஷ்டம்தான், இருந்தாலும் ஒத்துக்கொள்கிறேன்' என்ற சாயல் வரக்கூடும். 'ஐ ஆம் ப்ரிபேர்டு டு அக்செப்ட் த சேலரி' என்று எழுதினால், சம்பளம் பத்தாது, ஆனாலும் பரவாயில்லை என்று நீங்கள் சொல்வதாக அவர்கள் எடுத்துக்கொள்ளலாம். 'நாட் ப்ரிபேர்டு டு' என்பது இன்னும் கறார். 'ஐ ஆம் நாட் ப்ரிபேர்டு டு வெயிட்' என்றால் 'என்னால் காத்திருக்க முடியாது, சொல்லிட்டேன்' என்கிற அளவுக்குப் போகும். 'இன்னும் நான் ஆயத்தமாகவில்லை' என்று பணிவாகச் சொல்ல நினைத்து இதை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். மேலதிகாரிக்குப் போகும் மெயிலில் அது பெரிய மனக்கசப்பில் முடியும்.

நைட் ஷிஃப்டுக்கு என்னுடைய பரிந்துரை 'ஐ ஆம் ஹாப்பி டு வர்க் நைட் ஷிஃப்ட்ஸ்' அல்லது 'வில்லிங் டு'. இரண்டுமே இதமானவை.

ஒருமையா, பன்மையா?

'இன் ப்ரெபரேஷன் ஃபார்' என்ற தொடருக்குள் எப்போதும் ஒருமைதான். 'இன் ப்ரெபரேஷன்ஸ் ஃபார்' என்று எழுதக் கூடாது.

தொடருக்கு வெளியே, ஏற்பாடுகள் என்ற பொருளில் தனியாக வரும்போது பன்மை இயல்பு. மண்டைக்காடு மாசிக்கொடைக்குப் பந்தல், குடிநீர், பஸ், மின்விளக்கு என்று பல வேலைகள் நடக்கும். அங்கே 'ப்ரெபரேஷன்ஸ் ஃபார் த ஃபெஸ்டிவல் ஆர் அண்டர் வே' என்று எழுதலாம். 'ஆர்' கவனிக்க வேண்டும், அங்கே 'ஈஸ்' வராது. ஏற்பாடு செய்தோம் என்பதற்கு 'டிட் ப்ரெபரேஷன்ஸ்' வேண்டாம், 'மேட் ப்ரெபரேஷன்ஸ்' என்று எழுதுங்கள். ஒரு மாணவர் தன் படிப்பைப் பற்றிச் சொல்லும்போது ஒருமையே பொருத்தம்: 'மை ப்ரெபரேஷன் ஃபார் நீட்.'

ஸ்பெல்லிங்கில் எப்போதும் சந்தேகம் வருகிறது. எப்படி நினைவில் வைப்பது?

பி, ஆர், இ, பி, ஏ, ஆர், ஏ, டி, ஐ, ஓ, என். மொத்தம் 11 எழுத்து. தப்பு விழுவது ஐந்தாவது எழுத்தில். அங்கே 'ஏ' வர வேண்டும், பலர் 'இ' போடுகிறார்கள். பேசும்போது அந்த உயிரொலி தேய்ந்து போவதுதான் காரணம். காதில் சரியாக விழாததைக் கை ஊகித்து எழுதுகிறது.

சந்தேகம் வந்தால் வினைச்சொல்லுக்குத் திரும்புங்கள். 'ப்ரிபேர்' என்பதில் 'பேர்' என்ற அசையில் 'ஏ' தெளிவாகக் கேட்கும். அதே 'ஏ'தான் பெயர்ச்சொல்லிலும் அந்த இடத்தில் நிற்கிறது. சொல்லும்போதும் வேறுபாடு உண்டு. வினை 'ப்ரிபேர்', அழுத்தம் 'பேர்' மேலே. பெயர் 'ப்ரெபரேஷன்', அழுத்தம் 'ரே' மேலே. நேர்காணலுக்குப் போகிறவர்கள் இதையும் சொல்லிப் பழகிக்கொள்வது நல்லது.

வாக்கியத்தின் தொடக்கத்தில் போடலாமா?

போடலாம். போட்டால் அந்தப் பகுதி முடிந்ததும் கமா வைக்க வேண்டும். நவராத்திரிக்காகப் பத்மநாபபுரத்திலிருந்து தேவாரக்கட்டு சரஸ்வதியும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படும் ஊர்வலம் எங்கள் பக்கத்துப் பெரிய நிகழ்ச்சி. அதைப் பற்றி எழுதினால்: 'இன் ப்ரெபரேஷன் ஃபார் த ப்ரொசெஷன், வர்க்கர்ஸ் கிளியர்டு த ரோடு.' ப்ரொசெஷனுக்குப் பிறகு கமா. தொடர் கடைசியில் வந்தால் கமா தேவையில்லை.

கமாவுக்கு அடுத்து யார் வருகிறார் என்பதுதான் முக்கியம். ஆயத்தம் செய்தவரே அங்கே வர வேண்டும். மேலே சொன்ன வாக்கியத்தில் 'வர்க்கர்ஸ்' வந்திருக்கிறார்கள், சரி. 'ப்ரிபேரிங்' என்று தொடங்கும் வாக்கியங்களில் இது இன்னும் கண்டிப்பு. 'ப்ரிபேரிங் ஃபார் த எக்ஸாம், த கரண்ட் வென்ட் ஆஃப்' என்று ஒரு மாணவர் எழுதினால், தேர்வுக்குப் படித்தது கரண்ட் என்று ஆகிறது. 'வைல்' என்ற சொல்லை முன்னால் சேர்த்தாலும் இந்தக் குறை தீராது.

'படித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது' என்று தமிழில் தாராளமாகச் சொல்வோம். 'போது' வந்தால் இரண்டு வேலையையும் வெவ்வேறு ஆள் செய்யலாம். அதனால்தான் பிழை கண்ணில் படாமல் போகிறது. ஆனால் 'படித்துக்கொண்டே கரண்ட் போனது' என்று யாரும் சொல்ல மாட்டோம், காதுக்கே இடிக்கும். ஆங்கிலத்து 'ப்ரிபேரிங்' நம்முடைய 'கொண்டே' மாதிரி நடந்துகொள்கிறது. திருத்துவதும் சுலபம், ஆளைக் கொண்டுவந்துவிடுங்கள்: 'வைல் ஐ வாஸ் ப்ரிபேரிங் ஃபார் த எக்ஸாம், த பவர் வென்ட் ஆஃப்.' 'ஐ வாஸ்' வந்ததும் சரியாகிவிட்டது. கரண்ட் போவதற்கு அவர்கள் 'பவர்' என்பார்கள், அதையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

நடந்து முடிந்த ஒன்றைப் பற்றி எழுதும்போது இந்தத் தொடர் வருமா?

வரும். ஆனால் வேலை முன்னாலும் நிகழ்ச்சி பின்னாலும் நடந்திருக்க வேண்டும். இந்த வரிசை புரண்டால் வாக்கியம் பொய்யாகிவிடும்.

கல்லூரிப் பிராஜெக்ட்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமி, 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கி புயல் இரண்டும் இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் அதிகம் எடுக்கும் தலைப்புகள். எடுக்க வேண்டிய தலைப்புகளும்தான். அலை வந்து போன பிறகு திறந்த முகாமைப் பற்றி 'இன் ப்ரெபரேஷன் ஃபார் த சுனாமி, ரிலீஃப் கேம்ப்ஸ் வேர் ஓப்பன்டு' என்று எழுதினால், அலை வருமென்று முன்கூட்டியே தெரிந்து முகாம் திறந்ததாக அர்த்தமாகும். குளச்சலிலோ மணக்குடியிலோ சொந்தங்களைப் பறிகொடுத்த வீட்டில் இந்த வாக்கியத்தைப் படித்துக் காட்ட முடியுமா? அங்கே 'இன் ரெஸ்பான்ஸ் டு' என்று வர வேண்டும். ஒக்கிக்கும் அப்படித்தான். புயல் வந்தபோது பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள். அவர்களைத் தேடிப் போனது 'ரெஸ்பான்ஸ்', அதை 'ப்ரெபரேஷன்' என்று எழுதக் கூடாது.

பேரிடர் மேலாண்மையில் இவை இரண்டும் தனித்தனிக் கட்டங்கள். ஆபத்து வரும் முன்பு செய்வது 'ப்ரிபேர்ட்னஸ்', வந்ததும் செய்வது 'ரெஸ்பான்ஸ்', அதற்கப்புறம் 'ரெக்கவரி'. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டமே 'ப்ரிபேர்ட்னஸ்' என்ற சொல்லுக்குத் தனியாக விளக்கம் தருகிறது: அச்சுறுத்தும் பேரிடரையும் அதன் விளைவுகளையும் எதிர்கொள்ள ஆயத்தமாக இருக்கும் நிலை. சமூகப் பணி, புவியியல் மாணவர்கள் இந்தச் சொல்லைத்தான் எடுத்தாள வேண்டும். 'டிசாஸ்டர் ப்ரெபரேஷன்' என்று எழுதினாலும் புரியும், ஆனால் துறைக்குள் புழங்கும் சொல் 'டிசாஸ்டர் ப்ரிபேர்ட்னஸ்'.

மீனவர் சங்கத்திலிருந்து மனு எழுதினோம். 'இன் ப்ரெபரேஷன் ஃபார் த பேன் பீரியட், வீ ஆர் ரிப்பேரிங் அவர் போட்ஸ்' என்று போட்டிருக்கிறோம். சரியா, அண்ணா?

வார்த்தை சரி, விஷயம் இடறுகிறது.

விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டுமே 61 நாள். இரண்டு கடலும் தொடுகிற மாவட்டம் என்பதால் சின்னமுட்டத்துக்குக் கிழக்குக் கடற்கரைக் காலம், குளச்சல், முட்டம் பக்கம் மேற்குக் கடற்கரைக் காலம். படகைக் கரையேற்றி, பலகை மாற்றி, பெயின்ட் அடித்து, வலை பின்னுவதெல்லாம் தடைக்காலத்துக்குள் நடக்கும் வேலை. அப்படியானால் அந்த வேலை எதற்கான ஆயத்தம்? தடை முடிந்து கடலுக்குப் போவதற்கான ஆயத்தம். 'இன் ப்ரெபரேஷன் ஃபார் த நியூ ஃபிஷிங் சீசன், வீ ஆர் ரிப்பேரிங் அவர் போட்ஸ்' என்று எழுதுங்கள். தடைக்காலத்தைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் கடைசியில் 'டூரிங் த பேன் பீரியட்' சேர்த்துக்கொள்ளலாம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், பழுதுபார்க்கக் கடனோ மானியமோ கேட்கும் மனுவில் இந்த ஒரு வரியை வைத்துத்தான் அதிகாரி நாள் கணக்குப் பார்ப்பார். தடைக்கு முன்பே பழுதுபார்ப்பு முடிந்துவிடும் என்று அவர் புரிந்துகொண்டால், பணம் தேவைப்படும் மாதமே மாறிப்போகும். 'ஃபார்' என்ற சொல்லுக்குப் பின்னால் எதை வைக்கிறோம் என்று இரண்டு தடவை யோசியுங்கள்.

இதற்குப் பதிலாக வேறு என்ன தொடர்கள் இருக்கின்றன?

'அஹெட் ஆஃப்': செய்தித்தாள் நடை. முன்னதாக என்ற காலத்தை மட்டும் சொல்லும், அதற்காகத்தான் செய்தார்கள் என்று உறுதியாகச் சொல்லாது.

'இன் ஆன்டிசிபேஷன் ஆஃப்': வரும் என்று எதிர்பார்த்துச் செய்வது. வராமலும் போகலாம். பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் திறப்பார்கள் என்று நம்பி நாற்றங்கால் போட்டுவிட்டுக் காத்திருப்பவர் இதை எழுதலாம். இதற்கு 'ஆஃப்'தான், 'ஃபார்' வராது.

'கெட்டிங் ரெடி ஃபார்': வாட்ஸ்ஆப் செய்திக்கும் நண்பர்களுக்கும் இதுவே போதும். வேலை விண்ணப்பத்தில் கொஞ்சம் சாதாரணமாகத் தெரியும்.

பல இடங்களில் வெறும் 'ஃபார்' மட்டுமே போதும் என்பதையும் சொல்ல வேண்டும். 'வீ பாட் ரைஸ் ஃபார் த ஃபீஸ்ட்' என்பதே முழுமையான வாக்கியம். அங்கே 'இன் ப்ரெபரேஷன்' சேர்த்தால் நீளம்தான் கூடும்.

வேலை கிடைக்காத வருஷங்களை ரெஸ்யூமேயில் 'ப்ரிபேரிங் ஃபார் காம்பெடிட்டிவ் எக்ஸாம்ஸ்' என்று காட்டலாமா?

காட்டலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்த மாவட்டத்தில் படித்த வீடுகள் பலவற்றில் ஒருவராவது டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வு, எஸ்.எஸ்.சி. என்று படித்துக்கொண்டிருப்பார். ஆனால் அந்த ஒரு வரியோடு நிறுத்தாதீர்கள். எதிரே இருக்கும் மேனேஜர் அதே வரியை எத்தனையோ தாள்களில் படித்திருப்பார். எந்தத் தேர்வு, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம்வரை, அதற்காகச் செய்த வேலை என்ன, எழுதியிருந்தால் எந்தக் கட்டம் வரை போனீர்கள் என்று எழுதுங்கள். முதல்நிலை தேறியிருந்தால் அதைக் கட்டாயம் எழுதுங்கள். அந்தக் காலத்தில் டியூஷன் எடுத்திருந்தால், கடையில் கணக்குப் பார்த்திருந்தால் அதையும் சேருங்கள்.

வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கு ஓ.இ.டி. என்ற, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வை எழுதும் பிள்ளைகளுக்கும் இதையேதான் சொல்கிறேன். அந்தத் தேர்வில் கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என்று நான்கு பகுதி. எழுதும் பகுதியில் நோயாளியின் குறிப்புகளைக் கொடுத்து ஒரு கடிதம் எழுதச் சொல்வார்கள், பெரும்பாலும் வேறொருவரிடம் அனுப்பும் பரிந்துரைக் கடிதம். நேரம் 45 நிமிஷம், அதில் முதல் 5 நிமிஷம் குறிப்பைப் படிப்பதற்கு. ஒரு பிள்ளை கொண்டுவந்த கடிதத்தில் 'ஐ ஆம் வெல் ப்ரிபேர்டு ஃபார் ஓ.இ.டி.' என்று மட்டும் இருந்தது. பேசிப் பார்த்தபோது, வார்டில் பார்த்த கேஸ்களை வீட்டுக்கு வந்து பேர் இல்லாமல் பரிந்துரைக் கடிதமாக எழுதிப் பழகுகிறாள் என்று தெரிந்தது. தங்கமான விஷயம், கடிதத்திலோ அது இல்லவே இல்லை. இப்படி மாற்றினோம்: 'இன் ப்ரெபரேஷன் ஃபார் த ஓ.இ.டி. ரைட்டிங் டெஸ்ட், ஐ ப்ராக்டிஸ் ரெஃபரல் லெட்டர்ஸ் பேஸ்டு ஆன் கேஸஸ் ஐ ஹேவ் நர்ஸ்டு.' 'வெல் ப்ரிபேர்டு' என்ற சொல்லே இப்போது தேவைப்படவில்லை. படிக்கிறவர் தானாகவே அந்த முடிவுக்கு வந்துவிடுவார்.

நல்லா ஆயத்தமாக இருக்கிறேன் என்று நாமே சொல்லிக்கொள்வதற்கு விண்ணப்பத்தில் மதிப்பு குறைவு. செய்த வேலையைப் பேர் சொல்லி எழுதினால் அதற்கு மதிப்பு உண்டு. நம்ம பிள்ளைகள் உழைப்பில் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. அந்த உழைப்பு தாளில் வராமல் போவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

'வெல் ப்ரிபேர்டு' நடுவில் கோடு போடணுமா?

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் போடுங்கள்: 'எ வெல்-ப்ரிபேர்டு கேன்டிடேட்'. பின்னால் வந்தால் வேண்டாம்: 'த கேன்டிடேட் இஸ் வெல் ப்ரிபேர்டு'.

'பீ ப்ரிபேர்டு' என்று சாரணர் இயக்கத்தில் சொல்கிறார்களே, அதில் 'ஃபார்' இல்லையே?

எதற்கு என்று ஒன்றைக் குறிப்பிடாமல், எதற்கும் ஆயத்தமாக இரு என்று சொல்வதால் அங்கே 'ஃபார்' வரவில்லை. பேடன்-பவல் 1907இல் பிரவுன்சீ தீவில் முதல் முகாம் நடத்தினார், அடுத்த வருஷமே இந்த முழக்கம் அச்சில் பரவியது. நம் பள்ளிகளில் பாரத சாரண சாரணியர் பிள்ளைகளும் இதையே சொல்கிறார்கள். இதில் கற்றுக்கொள்ள வேண்டியது 'ப்ரிபேர்டு' என்ற சொல்லின் கடைசியில் வரும் 'டு' ஒலி. 'ஐ ஆம் ப்ரிபேர் ஃபார் த இன்டர்வியூ' என்று அதை விட்டுவிட்டு எழுதுவது மிகவும் பரவலான பிழை. 'ஆம்', 'ஈஸ்', 'ஆர்' வந்தால் அதற்குப் பின்னால் 'ப்ரிபேர்டு' அல்லது 'ப்ரிபேரிங்', இரண்டில் ஒன்றுதான்.

ஆராய்ச்சி மாணவி நான். இன்னும் எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரையை 'அண்டர் ப்ரெபரேஷன்' என்று போட்டிருக்கிறேன். போகட்டுமா?

இந்தியாவில் புரியும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவதாக இருந்தால் 'மேனுஸ்கிரிப்ட் இன் ப்ரெபரேஷன்' என்று மாற்றிவிடுங்கள், அங்கே வழக்கம் அதுதான். ஆனால் பாதியாவது எழுதி முடித்த கட்டுரைகளை மட்டும் பட்டியலில் சேருங்கள். நேர்காணலில் அந்த வரைவை அனுப்பச் சொல்லிக் கேட்பது உண்டு.

தேர்வுக்கு முந்தைய விடுமுறையை 'ப்ரெபரேஷன் லீவ்' என்று லீவ் லெட்டரில் எழுதலாமா?

'ஸ்டடி லீவ்' என்று எழுதுங்கள். பலருக்கும் பழக்கமான பேர் அதுதான். கூடவே தேர்வின் பெயரையும் தேதியையும் அதே வரியில் போட்டுவிட்டால், மறுபடி கூப்பிட்டுக் கேட்க மாட்டார்கள்.